பதினோராம் எண் கூண்டு

1

2024 நவம்பர் 29ஆம் தேதி காலை. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய ஒரு டீக்கடை. வானம் மூடிக் கிடந்தது. காற்று பெரிதாக இல்லை. நான் அந்த ஊர்க்காரன்தான் என்றாலும் பிழைப்பு வெளியூரில். மழைக்கு முன்னால் வீட்டுக் கூரையைச் சரிபார்க்க வந்திருந்தேன். பெஞ்சில் ஆறேழு பேர் இருந்தார்கள். கையில் போன் வைத்திருந்த ஒரு பையன் செய்தியைச் சத்தமாகச் சொன்னான். வங்கக் கடலில் நிற்கிற ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக மாறாதாம். அப்படியே நாளைக்குக் கரையைக் கடக்குமாம்.

"பொயலு இல்லியாம்பா. வெறும் மண்டலமாம்" என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது.

"ஐரோப்பா மாடல் ஒண்ணு சொல்லுது, அமெரிக்கா மாடல் வேற சொல்லுது. நம்மாளுங்க ரெண்டையும் பாத்துட்டுக் கொழம்புறாங்க" என்றான் பையன். 'மாடல்' என்ற சொல்லை அவன் கிரிக்கெட் அணியின் பெயரைப் போல உச்சரித்தான்.

எனக்குச் சித்தப்பா முறை ஆகிற ஒருவர் அங்கிருந்தார். நாற்பது வருடமாக உப்பளத்தில் வேலை செய்கிறவர். "மாடலு கெடக்கட்டும்டா. தண்ணி எம்மாம் வரும், எந்தப் பக்கம் வரும்? அத்தச் சொல்லு" என்றார். பையனிடம் பதில் இல்லை.

அன்று பிற்பகலே அது புயல் என்று அறிவிக்கப்பட்டுப் பெயரும் வைக்கப்பட்டது. மாலையில் அதே கடையில் அதே பெஞ்சு. "காலைல இல்லன்னான், மத்தியானம் இருக்குன்றான். இதுக்கு எதுக்கு ராக்கெட்டு விடறானுங்க?" என்று ஒருவர் கேட்க, மறுபடியும் சிரிப்பு.

இந்தப் பேச்சை 'பாமர மக்களின் அறியாமை' என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அந்த இரண்டு நாளும் இணையத்தில் நடந்த விவாதம் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. ஒரு தரப்பு வானிலை ஆய்வு மையத்தைக் கேலி செய்தது. மறு தரப்பு, மக்களுக்கு அறிவியல் புரியவில்லை, நிகழ்தகவு புரியவில்லை என்று வகுப்பெடுத்தது. எதிரெதிராகத் தெரிகிற இவ்விரு தரப்பும் ஒரே கேள்வியின் மீதுதான் நின்றுகொண்டிருந்தன: சொன்னது பலித்ததா, பலிக்கவில்லையா? சித்தப்பாவின் கேள்வி இந்த இரண்டுக்குள்ளும் அடங்கவில்லை. அந்தக் கேள்விக்கு விவாதத்தில் ஏன் இடமில்லாமல் போனது என்பதைத்தான் இக்கட்டுரை வாசித்துப் பார்க்க முயல்கிறது.

2

முதலில் 'புயல்' என்ற வகைப்பாட்டைக் கட்டவிழ்த்துப் பார்ப்போம். இந்திய வானிலைத் துறையின் கணக்கில் மணிக்கு 31 கிலோமீட்டரிலிருந்து காற்று சுழன்றால் தாழ்வு மண்டலம். 51இலிருந்து 62 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 63ஐத் தொட்டால் புயல். அதாவது 62க்கும் 63க்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் 'வெறும் மண்டலம்', அந்தப் பக்கம் பெயரும் தலைப்புச் செய்தியும். சசூர் மொழியைப் பற்றிச் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. குறி தன்னளவில் பொருள் தருவதில்லை. பக்கத்துக் குறியிலிருந்து வேறுபடுவதால்தான் பொருள் தருகிறது.

சரி, அந்த 63ஐ நடுக்கடலில் யார் அளந்தார்கள்? பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. மிதவைகளும் கப்பல்களும் இருக்கிற இடத்தில் அளவு கிடைக்கும். இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் படத்தில் மேகம் எப்படிச் சுருண்டிருக்கிறது என்பதை வைத்து மதிப்பிடுவார்கள். 1970களில் அமெரிக்காவில் ட்வோராக் என்பவர் வகுத்த முறை அது. அந்த மதிப்பீட்டில் வருகிற பிழை, மேலே சொன்ன ஒரு கிலோமீட்டர் கோட்டைக் காட்டிலும் பல மடங்கு அகலமானது. ஆகவே காலையில் 'இல்லை', மதியம் 'உண்டு' என்பது பொய்யுமல்ல, குழப்பமுமல்ல. தெளிவான கோடு இல்லாத இடத்தில் கோடு போட்டே ஆகவேண்டிய நிர்வாகத் தேவையின் விளைவு அது.

'சைக்ளோன்' என்ற சொல்லே இந்த வங்கக் கடலைப் பார்த்துச் செய்யப்பட்டதுதான். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர் 1848இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில், சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கினார். கப்பல்காரனுக்குக் காற்றுதான் எதிரி. மழை அவனுக்கு இரண்டாம் பட்சம். காற்றின் வேகத்தை வைத்து மட்டும் தரம் பிரிக்கிற இந்த அளவுகோல், கடலில் இருப்பவனின் பயத்தை அளக்கச் செய்யப்பட்டது. நாம் அதை எடுத்துக் கரையில் இருப்பவனின் பயத்தை அளந்துகொண்டிருக்கிறோம்.

கரையில் நடந்தது என்ன? அந்தப் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகில் கரையைத் தொட்டது. காற்று மணிக்கு 70, 80 கிலோமீட்டர் என்ற அளவில்தான். புயல்களின் வரிசையில் அது கடைசிப் படியில் நிற்கிற புயல். ஆனால் கரையேறிய பிறகு மணிக்கணக்கில் நகராமல் நின்றுவிட்டது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48.4 சென்டிமீட்டர் மழை. எங்கள் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். மரக்காணத்தில் உப்பளம் எது, பக்கிங்காம் கால்வாய் எது, கழுவெளி எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே தண்ணீர். வரப்புகள் காணாமல் போயின.

இதைவிடவும் கொடுமையான உதாரணங்கள் உண்டு. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்தது எந்தப் பெயருள்ள புயலும் அல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியதும் புயலால் அல்ல. பெயர் வைக்கப்படாத மழைகளே நம்மைக் கொன்றிருக்கின்றன. ஆனால் விவாதம் பெயரைச் சுற்றித்தான் நடக்கிறது. 2024இல் சவூதி அரேபியா கொடுத்திருந்த பெயரை ஃபெங்கல் என்பதா, ஃபெஞ்சல் என்பதா என்று இரண்டு நாள் சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன். ஒத்துக்கொள்கிறேன்.

3

அடுத்தது 'பலித்தல்'. வானிலை அறிவிப்பைச் சோதிடமாக வாசிக்கும் பழக்கம் நமக்கு வானொலிக் காலத்திலேயே வந்துவிட்டது. 'ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை' என்ற வாசகத்தைக் கேலி செய்யாத தலைமுறை இல்லை. எஸ்.ஆர். ரமணன் 2016இல் ஓய்வுபெறும் வரை அவர் முகம் தொலைக்காட்சியில் தெரிந்தால் பிள்ளைகளுக்குக் குஷி, நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு. அது அன்பான கேலி. அதற்குப் பிறகு வந்தது வேறு. இப்போது போன் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ராடார் படத்தைப் பார்க்கிறார்கள். ஆர்வலர்கள் பலர், துறை சொல்வதற்கு முன்பே, துறையைவிட விளக்கமாக, நம் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பேசுகிறார்கள். இது ஜனநாயகப்படுதல்தான், சந்தேகமில்லை. ஆனால் கூடவே ஒன்று நடந்தது. முன்னறிவிப்பு ஒரு போட்டியாயிற்று. யார் சொன்னது பலித்தது என்று மதிப்பெண் போடுகிறோம்.

பையன் சொன்ன 'ஐரோப்பா மாடல்' எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வானத்தின் இன்றைய நிலையை முழுதாக அளக்க முடியாது. தொடக்கத்தில் ஒரு சிறு பிழை இருந்தாலும் நாள் போகப்போக அது பெருகும் என்பதை 1963இல் எட்வர்ட் லோரென்ஸ் காட்டினார். ஆகையால் ஐரோப்பிய மையம் ஒரே வானத்தை, தொடக்க அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஐம்பது தடவைக்கு மேல் ஓட்டிப் பார்க்கிறது. ஐம்பது கோடுகள் வரும். அவை நெருங்கிக் கிடந்தால் நம்பிக்கை அதிகம், சிதறிக் கிடந்தால் குறைவு. எனவே அந்த மாடலிடமிருந்து கிடைக்கிற உண்மையான செய்தி ஒரு கோடு அல்ல, கோடுகளுக்கு இடையிலான விரிசல். தனக்குத் தெரியாததன் அளவைத் தானே சொல்லிக்கொள்கிற அறிவு அது. என் மட்டில் இது இருபதாம் நூற்றாண்டு அறிவியலின் நேர்மையான சாதனைகளில் ஒன்று.

டீக்கடைக்கு வந்துசேரும்போது அந்த ஐம்பதில் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. விரிசல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

2024 அக்டோபரில் நடந்ததை நினைவுகூரலாம். சென்னைக்கு 16ஆம் தேதி சிவப்பு எச்சரிக்கை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கார்களை இழந்திருந்த வேளச்சேரிக்காரர்கள் முன்கூட்டியே மேம்பாலத்தில் கார்களை ஏற்றி நிறுத்தினார்கள். 16ஆம் தேதி பயந்த மழை வரவில்லை. மண்டலம் சென்னைக்கு வடக்கே போய்க் கரையேறியது. மேம்பாலத்துக் கார்கள் நாடு முழுவதும் நகைச்சுவையாயின. ஆனால் அவர்கள் செய்தது என்ன தவறு? சிவப்பு என்பது 'இவ்வளவு மழை நிச்சயம்' என்ற வாக்குறுதி அல்ல. துறையின் அகராதியில் அது 'செயல்படு' என்ற ஏவல். அவர்கள் செயல்பட்டார்கள். ஏவல் வாக்கியத்தைச் செய்தி வாக்கியமாக மாற்றி, அது பொய்த்தது என்று தீர்ப்பு எழுதியது மற்றவர்கள். அந்தத் தீர்ப்பின் எச்சம்தான் ஒன்றரை மாதம் கழித்து எங்கள் டீக்கடையில் சிரிப்பாக எழுந்தது.

மேலே உள்ளவர்களும் இந்த வாசிப்புக்கு விலக்கல்ல. 2023 டிசம்பர் தென்மாவட்ட வெள்ளத்துக்குப் பிறகு, இவ்வளவு மழை வரும் என்று சொல்லப்படவில்லை என்றது மாநில அரசுத் தரப்பு. 12ஆம் தேதியே எச்சரிக்கை கொடுக்கப்பட்டது என்றார் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். எச்சரிக்கை என்ற பிரதி, மனிதர்களைக் காப்பதற்காக எழுதப்பட்டு, கடைசியில் யார் பொறுப்பு என்ற வழக்கில் சாட்சி ஆவணமாயிற்று. முன்னறிவிப்பு பொய்த்தால் அதற்கு யார் விலை கொடுப்பது என்ற கேள்வியை எந்தத் தரப்பும் எழுப்பவில்லை.

அந்த விலை சமமாகப் பங்கிடப்படுவதில்லை. எச்சரிக்கை வந்து புயல் வராவிட்டால் நகரத்து அலுவலருக்கு ஒரு நாள் விடுமுறை. மரக்காணத்தையொட்டிய குப்பங்களில் கட்டுமரமும் ஃபைபர் போட்டும் மணலில் கிடக்கும். அன்றைய சோறு அன்றைய கடலில் இருக்கிறவனுக்கு அது போனது போனதுதான். எச்சரிக்கை வராமல் புயல் வந்தால், சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பிழைக்கும் கப்பம் கட்டுகிறவன் ஒருவனே. "ராக்கெட்டு எதுக்கு" என்று கேட்டவரின் கோபத்துக்குள் இருப்பது அறிவியல் எதிர்ப்பு அல்ல. உன் பிழைக்கு நான் ஏன் பணம் கட்டுகிறேன் என்கிற கணக்குதான் அது. தப்பான சொற்களில் கேட்கப்பட்ட சரியான கேள்வி.

4

இதற்கெல்லாம் தொழில்நுட்பம் பதில் சொல்லிவிடும் என்பது இன்றைய பெருங்கதையாடல். 2023 நவம்பரில் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் கிராஃப்காஸ்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியை வெளியிட்டது. பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் கணித்துவிடுகிறது. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய மையம் தன்னுடைய செயற்கை நுண்ணறிவு மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. 2025 மே மாதம் இந்தியா, 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' என்பதைத் தொடங்கியது. 12 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்த்த வானத்தை இனி 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கலாம் என்பது செய்தி. பஞ்சாயத்து அளவுக்குத் துல்லியம் என்று பத்திரிகைகள் எழுதின. "இனிமே எங்க ஊரு மழைய எங்களுக்கே தனியா சொல்லுவான்" என்று என் உறவுக்காரப் பையன் சந்தோஷப்பட்டான்.

நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6 கிலோமீட்டருக்கு 6 கிலோமீட்டர் என்றால் 36 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட 8,900 ஏக்கர். மரக்காணத்து உப்பளம் மூவாயிரம் ஏக்கர் சொச்சம். மொத்த உப்பளத்தையும் ஒரே கட்டத்துக்குள் வைத்தாலும் இன்னும் இடம் பாக்கி இருக்கும். முன்னேற்றம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நான்கு மடங்கு நுணுக்கம் என்பது சாதாரணமல்ல. ஆனால் உப்பளத்துக்காரனுக்கு எந்த மழை முக்கியம் என்பதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பாத்தியில் உப்பு விளைவது இப்படி. உப்புநீரின் அடர்த்தியை டிகிரி பார்ப்பார்கள். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். வெயிலிலும் காற்றிலும் காய்ந்து காய்ந்து, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாறி மாறி, 25 டிகிரிக்கு வந்தால் உப்பு படியத் தொடங்கும். இது நாள்கணக்கான வேலை. ஏப்ரலிலோ மேயிலோ அரை மணி நேரம் ஒரு கோடை மழை அடித்தால் போதும். டிகிரி இறங்கிவிடும், படிந்த உப்பு கரைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. அந்த மழைக்குப் பெயர் கிடையாது, நிறம் கிடையாது, கூண்டு கிடையாது. சென்னைக்கு அன்று அது இதமான மாலை. கோடை மழையை வரவேற்றுக் கவிதை எழுதுவோம். புயல் வருகிற நவம்பரிலோ அளத்தில் பெரும்பாலும் உற்பத்தியே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொழிலாளிக்கு வேலை இல்லாத காலம் என்பதால்தான் தமிழ்நாடு அரசு 2022இல் குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் மழைக்கால உதவி என்று ஏற்படுத்தியது.

ஆக, சித்தப்பாவை அழிக்கிற மழை வேறு, நாம் விவாதிக்கிற மழை வேறு. கணினிகளுக்கும் இது பொருந்தும். கிராஃப்காஸ்ட் படித்தது ஏறத்தாழ நாற்பது வருடத்து வானிலைப் பதிவுகளை. அது பார்க்கிற கட்டம் 28 கிலோமீட்டர் அளவுள்ளது. ஒரு உப்பளத்தின் மேல் மட்டும் அரை மணி நேரம் பெய்து ஓய்ந்த மழை அதன் ஞாபகத்தில் எப்படி இருக்கும்? எது ஆவணமாகவில்லையோ அது நிகழவில்லை என்பதுதான் எந்த ஆவணக் காப்பகத்தின் அடிப்படை விதியும். ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. புதிது என்னவென்றால், அந்தக் காப்பகம் இப்போது எதிர்காலத்தையும் எழுதத் தொடங்கியிருக்கிறது.

5

மரக்காணத்தில் துறைமுகம் இல்லை. புதுச்சேரியிலோ கடலூரிலோ 'கூண்டு ஏத்திட்டாங்க' என்றால் எங்களுக்குச் செய்தி வந்துசேரும். எத்தனாம் நம்பர் என்பதுதான் அடுத்த கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இந்தியத் துறைமுகங்களில் இருந்துவரும் முறை இது. பகலில் கம்பத்தில் கறுப்பு உருளைகளும் கூம்புகளும், இரவில் விளக்குகள். மொத்தம் பதினொரு எண்கள். ஒன்றும் இரண்டும் தொலைவில் இருப்பதைச் சொல்லும். ஐந்து, ஆறு, ஏழு அபாயம். எட்டு, ஒன்பது, பத்து பெரும் அபாயம். பத்தோடு முடிந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா? ஆபத்தின் ஏணியில் அதற்கு மேல் படி கிடையாது.

பதினொன்றாம் எண் ஒரு படி அல்ல. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அற்றுப்போய்விட்டது, ஆனால் மோசமான வானிலைக்கான அபாயம் இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். இந்தக் குறியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். காலனிய நிர்வாகம் கப்பல் சரக்கைக் காப்பாற்றுவதற்காக உருவாக்கிய குறித்தொகுதி இது. அதன் மேல் எனக்குப் பக்தி ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தத் தொகுதி 'எனக்குத் தெரியவில்லை' என்பதற்கு ஒரு குறியை ஒதுக்கி வைத்திருந்தது. அதையும் எல்லோரும் பார்க்கிற மாதிரி கம்பத்தில் ஏற்றியது. தெரியாமையை மறைக்க வேண்டிய அவமானமாகக் கருதவில்லை. நடவடிக்கைக்கான காரணமாகக் கருதியது. கூடவே, தலைமையிடம் பேசாதபோது உள்ளூர்க்காரனின் கணிப்புக்கு அதிகாரம் கொடுத்தது.

நம்முடைய இன்றைய விவாதத்தில் இல்லாத குறி இதுதான். துறை தெரியவில்லை என்றால் திறமையின்மை. ஆர்வலர் தெரியவில்லை என்றால் பின்தொடர்பவர்கள் குறைவார்கள். அமைச்சர் சொல்லவே முடியாது. டீக்கடையில் நாங்களும் சொல்வதில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கூண்டு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் வேறு வேறு எண். 2023இல் எல்லோர் போனிலும் ஒரே நேரத்தில் அலறி, இது வெறும் சோதனைச் செய்தி என்று ஒரு அறிவிப்பு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஊரே ஒரு குறியை ஒருசேரக் கேட்டது அன்றைக்குத்தான். அது எதைப் பற்றியும் இல்லாத குறி. அந்த வசதியைக் கொண்டு ஒரு மே மாதத்து மாலையில், 'மரக்காணம் பக்கம் அரை மணி நேர மழைக்கு வாய்ப்புண்டு, நிச்சயமில்லை, உங்கள் யோசனைப்படி செய்யுங்கள்' என்று சொல்ல முடியாதா என்ன? அப்படிச் சொல்லி மழை வராமல் போனால், அந்த நாள் கூலி யாருடைய கணக்கு என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் அது விவாதம்.

நவம்பர் 29க்குத் திரும்புகிறேன். அன்று காலை, புயல் இல்லை என்ற செய்தி வந்து சிரித்து முடித்த பிறகு, நானும் சித்தப்பாவும் அளத்துக்குப் போனோம். விற்காமல் கிடந்த உப்பு அம்பாரத்துக்கு ஏற்கெனவே ஓலை போட்டிருந்தார்கள். அவர் அதன் மேல் வாடகைத் தார்ப்பாய் ஒன்றை இழுத்துப் போட்டார். என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். கயிறு கட்டி, கல் வைத்தோம்.

"அதான் பொயலு இல்லன்னுட்டாங்களே சித்தப்பா, எதுக்கு இன்னொரு செலவு?"

"அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. தெரியலன்னா மூடத்தாண்டா வேணும்."

மறுநாள் இரவு வந்த தண்ணீர் அம்பாரத்தின் அடியைக் கரைத்துக்கொண்டு போயிற்று, மேல்பாதி நின்றது. தார்ப்பாய் வாடகையை அவர்தான் கொடுத்தார்.